சத்துமாவு வீட்டுக்கா, வயித்துல இருக்கற புள்ளைக்கா?

போன இதழ்ல, மாசமா இருக்கறவங்களுக்கு வெயிட் எவ்ளோ ஏறணும்னு சின்னதா ஒரு பெட்டிச்செய்தி வந்துச்சு. அதுக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜும் கொஞ்சநஞ்சம் இல்ல, பாதிக்கு மேல காசிமேடு, ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்னு நம்ம வடசென்னைல இருந்துதான். சுத்தி சுத்தி எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான்: பால்வாடில குடுக்கற மாவு, கவர்மென்ட் குடுக்கற கிட், மெடிக்கல்ல விக்கற டப்பா, இதெல்லாம் சாப்ட்டா புள்ள நல்லபடியா பொறக்குமா? பிரசவ வார்டுலயும் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி செக்கப்புலயும் நர்ஸா வேலை பாத்து ரிட்டயர் ஆனவ நான், அதனால பதில் சொல்ற வேலைய என்கிட்ட குடுத்துட்டாங்க. பேர் போட வேணாம்னு நெறைய பேர் கேட்டதால யார் பேரும் போடல.

அக்கா, எனக்கு ஏழாம் மாசம். வீட்டுக்காரர் போட்டுக்கு போறாரு. நான் 44 கிலோதான் இருக்கேன். ஸ்கேன்ல புள்ள கொஞ்சம் சின்னதா இருக்குன்னுட்டாங்க. பால்வாடி மாவ சாப்ட்டா நெஜமாவே புள்ளைக்கு வெயிட் ஏறுமா இல்ல சும்மா கண்துடைப்பா? ஏழு மாசம் ஆயிடுச்சே, இனிமே சாப்ட்டு பிரயோஜனம் இருக்கா?
(காசிமேடு)

பிரயோஜனம் இருக்கும்மா. புள்ளைக்கு கை காலு மூக்கு முழியெல்லாம் முன்னாடியே ஆயிடும், சதை போடறது கொழுப்பு சேக்கறதெல்லாம் கடைசி மூணு மாசத்துலதான். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல, 1944-45 குளிர்காலத்துல நெதர்லாந்துல பெரிய பஞ்சம் வந்துச்சு. அந்த பசில கடைசி மூணு மாசம் மாட்டிக்கிட்ட அம்மாங்களோட புள்ளைங்கதான் வெயிட் ரொம்ப கொறஞ்சு பொறந்தாங்க, சுமார் 300 கிராம். அப்ப நீங்க இருக்கற இந்த மாசங்கள்தான் சாப்பாட்டுக்கு முக்கியமான மாசங்கள்.

மாவு கண்துடைப்பான்னு கேட்டீங்க. இத நேரா சோதிச்சு பாத்திருக்காங்க. ஆப்பிரிக்கால காம்பியான்னு ஒரு சின்ன நாடு, அங்க 28 கிராமத்துல 1989ல இருந்து 94 வரைக்கும், மாசமா இருக்கறவங்களுக்கு அஞ்சாம் மாசத்துல இருந்து தெனம் பிஸ்கட் குடுத்தாங்க. கடை பிஸ்கட் இல்ல, வேர்க்கடலை, அரிசிமாவு, சக்கரை, கடலெண்ணெய் போட்டு அந்த ஊர்லயே செஞ்சது, ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1000 கலோரி. புள்ளைங்க சராசரியா 136 கிராம் கூட பொறந்தாங்க, செத்துப் பொறக்கறது பாதிக்கு பாதி கொறஞ்சுது. இதுல நான் ரொம்ப முக்கியமா பாக்கறது வேற ஒரு கணக்கு. அறுவடை முடிஞ்சு வீட்டுல தானியம் இருந்த மாசத்துல 94 கிராம்தான் கூடிச்சு, தானியம் தீந்துபோயி வயல் வேலை மட்டும் முதுகு ஒடியற பசி மாசத்துல 201 கிராம் கூடிச்சு. இல்லாதப்ப குடுத்தாதான் அது வேலை செய்யுது.

உங்க பக்கம் பசி மாசம் எதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், போட்டு கரைல நிக்கும், அட்வான்ஸ் வாங்கி சாப்பிடுவாங்க, வீட்டுல மொதல்ல கொறையறது மீனும் முட்டையும் பாலும், அதுவும் பொம்பளைங்க தட்டுலதான் கொறையும். அந்த ரெண்டு மாசத்துல மாசமா இருக்கறவங்களுக்கு ஒண்ணுக்கு ரெண்டா மாவு குடுக்கணும்னு நான் ரொம்ப நாளா கத்திட்டு இருக்கேன், அது இந்த பக்கத்துல தீர்ற விஷயம் இல்ல, விடுங்க.

எல்லா ஊர்லயும் 200 கிராம் ஏறிடும்னு நெனச்சுக்க கூடாது. பல நாட்டு ஆராய்ச்சிய ஒண்ணா சேத்து பாத்தா சராசரியா ஏறினது 41 கிராம்தான். கேக்கும்போது சப்புனு இருக்கும். ஆனா அதே கணக்குலதான் வளர்ச்சி கொறஞ்சு பொறக்கற புள்ளைங்க அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சுது, செத்துப் பொறக்கறதும் நல்லாவே கொறஞ்சுது. அதனாலதான் உலக சுகாதார நிறுவனம் 2016ல, மெலிஞ்ச பொம்பளைங்க அதிகமா இருக்கற எடத்துல கர்ப்பிணிகளுக்கு கலோரியும் புரோட்டீனும் அளவா கலந்த சாப்பாட்ட கூடுதலா குடுங்கன்னு சொல்லிச்சு. நம்ம ஊர்ல 1975ல ஆரம்பிச்ச பால்வாடி திட்டத்துல கர்ப்பிணிக்கு ஒதுக்கியிருக்கறது ஒரு நாளைக்கு 600 கலோரி, 18ல இருந்து 20 கிராம் புரோட்டீன். அத முழுசா நீங்களே சாப்ட்டா, மூணு வேளை சோத்துக்கு மேல சாப்ட்டா, உங்கள மாதிரி 44 கிலோ உடம்புக்கு அது கண்டிப்பா பிடிக்கும். மத்தியான சோத்துக்கு பதிலா ரெண்டு உருண்டை தின்னுட்டு படுத்தா கணக்கு பூஜ்யம்.

இன்னொண்ணு, ஸ்கேன்ல சின்னதுன்னு சொன்னத சாப்பாட்டாலயே சரி பண்ணிடலாம்னு வீட்டுல உக்காந்துடாதீங்க. பிபி ஏறினாலோ, தொப்புள்கொடி வழியா ரத்தம் சரியா போகலைன்னாலோ புள்ள சின்னதா இருக்கும், அப்ப எவ்ளோ தின்னாலும் அங்க போய் சேராது. சொன்ன தேதில ஸ்கேனுக்கு போங்க, பிபி பாருங்க, புள்ள அசைவு கொறஞ்ச மாதிரி இருந்தா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க.

என் மருமவ முழுகாம இருக்கா. மாவுருண்டை, நெய்யி, பேரீச்சம்பழம்னு ஒண்ணும் வுடறதில்ல. நாங்கெல்லாம் கடைசி மாசத்துல அரை வயித்துக்குதான் தின்னோம், அதான் சுளுவா பொறந்துச்சு. இப்டி தின்னா புள்ள பெருத்துப்போயி கத்தி வெச்சிட மாட்டாங்களா?
(தண்டையார்பேட்டை)

கோச்சிக்காதீங்கம்மா, நீங்க பயப்படறதுல ஞாயம் இருக்கு. ஆபரேஷன் வசதி இல்லாத காலத்துல புள்ள மாட்டிக்கிட்டா ரெண்டு உசுரும் போயிடும், அப்ப யாரோ பெரியவங்க வயித்த காய போடுன்னு சொன்னது அவங்களுக்கு தெரிஞ்ச ஒரே வழி. இப்ப கணக்கு வேற. மாவும் நெய்யும் சாப்ட்டு ஏறப்போறது நூறோ இருநூறோ கிராம், அதுக்கெல்லாம் தலை மாட்டாது. 4 கிலோ புள்ள பொறக்குதுன்னா பெரும்பாலும் அம்மாவுக்கு சுகர் இருக்கும், இல்லைன்னா உண்டாகறதுக்கு முன்னாடியே நல்ல குண்டா இருந்திருப்பாங்க.

அரை வயித்துக்கு தின்னா சின்ன புள்ள சுளுவா வந்துடும்னும் இல்ல. போஷாக்கு இல்லாம வளந்த புள்ள வலி தாங்காது, வலி வரும்போதே நெஞ்சுத்துடிப்பு எறங்கும், அப்ப அவசர அவசரமா கத்திதான் வெப்பாங்க. வார்டுல இத நான் நெறைய பாத்திருக்கேன். வயித்துல எடம் இல்லாம மூச்சு முட்டுதுன்னா ஒரே தடவையா தட்டு நெறைய போடாம, கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு வேளையா குடுங்க. சாதாரண உடம்பா இருந்தா மொத்தமா 11 கிலோவுக்கு மேல 16 வரைக்கும் ஏறலாம், ஒல்லியா இருந்தா 18 கிலோ வரைக்கும் கூட போகலாம், ஏற்கெனவே கொஞ்சம் குண்டா இருந்தா 7ல இருந்து 11, அதுக்குள்ள நிறுத்திக்கணும். ஒவ்வொரு செக்கப்லயும் எவ்ளோ ஏறிச்சுன்னு கார்டுல எழுதறாங்க, பாருங்க.

ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுல கரண்டி உங்க கைலதான இருக்கும்? மருமவளுக்கு மொதல்ல போட்டுட்டு அப்புறம் ஆம்பளைங்களுக்கு போடுங்க. நான் சொல்லி மாறாதது நீங்க சொன்னா மாறும்.

எனக்கு கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம், மனைவி நாலு மாசம். மூட்டை தூக்கற வேலை. மெடிக்கல் ஷாப்ல கர்ப்பிணிக்குன்னு ஒரு புரோட்டீன் பவுடர் டப்பா குடுத்து மாசம் ரெண்டு டப்பா குடுங்க, புள்ள புத்திசாலியா பொறக்கும்னாங்க. கடன் வாங்கியாச்சும் வாங்கணுமா?
(வியாசர்பாடி)

கடன் வாங்காதீங்க தம்பி. நியூயார்க்ல ஹார்லம்னு ஒரு ஏழைங்க ஏரியா, அங்க 1970கள்ல கர்ப்பிணிங்களுக்கு புரோட்டீன் தூக்கலா, தெனம் 40 கிராம் வர்ற மாதிரி ஒரு பானத்த குடுத்து பாத்தாங்க. எல்லாரும் புள்ள நல்லா கொழுகொழுன்னு பொறக்கும்னு நெனச்சாங்க. நடந்தது தலைகீழ். ரொம்ப முன்கூட்டியே குறைமாசத்துல பொறந்ததும், பொறந்து தவறிப்போனதும் அந்த குரூப்புல கூடுதலா இருந்துச்சு. புரோட்டீன் மட்டும் தூக்கலா குடுக்கறத உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு பண்ணல. மொத்த கலோரில புரோட்டீன் கால் பங்குக்கும் கொறைவா இருக்கற சாப்பாடுதான் வேணும்னு சொல்றாங்க, நம்ம சோறு பருப்பு முட்டைலாம் அந்த அளவுலதான் வரும்.

அதுக்காக ஒரு ஸ்பூன் பவுடர் குடிச்சதும் ஆபத்துன்னு பயந்துடாதீங்க, டாக்டர் ஏதாவது காரணத்துக்காக எழுதி குடுத்தா அது வேற. கடைக்காரர் பேச்ச கேட்டு மாசம் ரெண்டு டப்பா வாங்கறதுதான் தேவையில்லாத வேலை. பாதி டப்பால சக்கரையும் வாசனையும்தான், பின்னாடி சின்ன எழுத்துல போட்டிருக்கும், படிச்சு பாருங்க. அதே காசுக்கு தெனம் ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால் வாங்குங்க. முட்டைல 6 கிராம் புரோட்டீன், 100 கிராம் வேர்க்கடலைல 25 கிராம். ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கு வருது, அத தண்ணி சாம்பாரா ஊத்தாம கெட்டியா கடைஞ்சு போடுங்க. புத்திசாலி விஷயம் மட்டும் டப்பால அடைச்சு வராது தம்பி, அதுக்கு பதிலா சமையல்ல அயோடின் உப்பு போடுங்க, அது நெஜமாவே புள்ள மூளை வளர்ச்சிக்கு வேணும்.

அப்புறம் மாவா, ஹான்ஸ் மாதிரி வாயில வெக்கற புகையிலை போடற பழக்கம் வீட்டுல யாருக்காவது இருந்தா, சொல்றதுக்கே கூச்சப்படறாங்க, பொம்பளைங்களும் போடறாங்க, அது புள்ள வெயிட்ட கொறைக்கும். பீடி சிகரெட் புகையும் அப்டித்தான். டப்பா வாங்கறதுக்கு முன்னாடி அத நிறுத்தினா செலவும் மிச்சம்.

நான் பால்வாடி டீச்சர். எங்க சென்டர்ல மாவு வாங்கறவங்க வீட்டுல அத மூத்த புள்ளைங்களுக்கு கிண்டி குடுத்துடறாங்க. ஒரு வீட்டுல மாமனாருக்கு காலைல கஞ்சியே அதுதான். ஒரு பொண்ணு கோழிக்கு போடறா. கேட்டா வாசனை புடிக்கலங்கறாங்க. ரெஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கறதோட எங்க வேலை முடிஞ்சுடுது. என்ன பண்றது மேடம்?
(பேரும் ஏரியாவும் வேண்டாம்)

டீச்சர், வந்த லெட்டர்லயே எனக்கு ரொம்ப புடிச்சது உங்களுதுதான். இந்த மேட்டர் முழுக்க இங்கதான் இருக்கு. 600 கலோரிய அஞ்சு பேர் பங்கு போட்டா ஆளுக்கு 120. அது ரெண்டு மூணு பிஸ்கட். அதுக்கப்புறம் புள்ள 2 கிலோல பொறந்தா மாவு சரியில்லன்னு சொல்லிடுவோம், மாவு அந்த பொண்ணு வாய்க்கு போகவே இல்ல.

ஆனா பங்கு போடறவள திட்டாதீங்க. எதிர்ல ரெண்டு வயசு புள்ள பாத்துட்டு நிக்கும்போது மறைச்சு தின்ற அம்மா எங்க இருக்கா? திட்டறதுக்கு பதிலா கணக்க சொல்லுங்க: ரெண்டு வயசு புள்ளைக்கு தனி மாவு இருக்கு, மூணு வயசு ஆனதுக்கு சென்டர்லயே சூடா சாப்பாடும் முட்டையும் இருக்கு, இந்த பாக்கெட் வயித்துல இருக்கறதோட பங்குன்னு. புள்ளைங்க பேர அவங்கவங்க கணக்குல சேத்தாச்சான்னும் பாத்துடுங்க, மூத்தது பேர் விட்டுப்போனதாலதான் சில வீட்டுல மாவு பங்காகுது.

என் அபிப்பிராயம் கேட்டா, எல்லாருக்கும் பாக்கெட்ட கட்டி அனுப்பறதோட, 45 கிலோவுக்கு கீழ இருக்கறவங்கள மட்டுமாவது சென்டருக்கே வரச்சொல்லி உக்கார வெச்சு சாப்பிட வெக்கணும். குவாத்தமாலா நாட்டுல 1969ல இருந்து 77 வரைக்கும் நடந்த பெரிய ஆராய்ச்சில கஞ்சிய ஊருக்கு நடுவுல ஒரு எடத்துல வெச்சுதான் ஊத்தினாங்க, யார் எவ்ளோ குடிச்சாங்கன்னு அளந்து எழுதினாங்க. அவ்ளோ தூரம் ஏன் போகணும், நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரிய பெருசுங்க இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான சொல்றாங்க, 1782 பஞ்சத்துல அங்க தொட்டில கஞ்சி ஊத்தினதுதான் ஆரம்பம், மருந்தெல்லாம் பின்னாடி வந்துச்சு. ஆர்டர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். வாரம் ஒரு தடவை மாவு வாங்க வரும்போது அங்கயே ஒரு உருண்டை புடிச்சு குடுத்து, சாப்ட்டுட்டு கிளம்புன்னு சொல்லலாம்ல, ருசி பழகிடும்.

வாசனை விஷயத்துக்கு வர்றேன். மாவுல கோதுமை, மொளகட்டின கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம், கூட வைட்டமின் எல்லாம் இருக்கு. பச்சையா தண்ணில கரைச்சு குடுத்தா யாருக்கும் எறங்காது. லேசா வறுத்து ஏலக்காய் தட்டிப்போட்டு வேர்க்கடலை ஒடைச்சு சேத்து உருண்டை புடிக்கலாம், தேங்கா துருவி புட்டு மாதிரி அவிக்கலாம், வாந்தி இருக்கறவங்களுக்கு அரிசிமாவு, வெங்காயம், முருங்கைக்கீரை, ரெண்டு பச்சமொளகா கிள்ளிப்போட்டு அடையா தட்டி குடுங்க, இனிப்பு அமுங்கிடும். சமுதாய வளைகாப்பு வெக்கறீங்க இல்ல, அன்னிக்கு அஞ்சு வகை சாதத்தோட இந்த அடையையும் வெச்சு, மாமியாரையும் புருஷனையும் கூப்பிட்டு உக்கார வெச்சு பேசுங்க. வளையல் போட்டு போட்டோ எடுத்து முடிச்சுடறாங்க, மாவ யார் சாப்பிடணும்னு சபைல சொல்ற எடம் அதுதான். கோழிக்கு போடறவள என்கிட்ட அனுப்புங்க.

செவப்பு மாத்திரை சாப்ட்டா வாந்தி வருது, வெளிய போறது கறுப்பா போகுது. கீரை, பேரீச்சம்பழம் சாப்ட்டுட்டு மாத்திரைய விட்டுடலாமா?
(புளியந்தோப்பு)

விடாதீங்க. கறுப்பா போறது இரும்பு சத்தாலதான், அதுல பயம் ஒண்ணும் இல்ல. தமிழ்நாட்டுல கர்ப்பிணிங்கள்ல 100க்கு 48 பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வே சொல்லுது, அந்த பள்ளத்த கீரையால மட்டும் மூட முடியாது. ஒரு மாத்திரைல 60 மில்லிகிராம் இரும்பு, கூட போலிக் ஆசிட். நாலாம் மாசத்துல இருந்து தெனம் ஒண்ணு, 180 நாள், பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள். ராத்திரி சாப்ட்டு கொஞ்ச நேரம் கழிச்சு படுக்கப்போகும்போது போட்டா வாந்தி கம்மியா இருக்கும். எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய், கொய்யா எது கெடைச்சாலும் கூட சாப்பிடுங்க, நல்லா ஏறும். டீ காபியோட போடாதீங்க. கால்சியம் மாத்திரையும் இதுவும் ஒரே நேரத்துல கூடாது, ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும், கால்சியத்த காலைலயும் மத்தியானமும் வெச்சுக்கோங்க. அத வேற பாதி பேர் வாங்கி அலமாரில வெச்சிடறாங்க, பால் தயிர் அதிகம் சேக்காத உடம்புக்கு அது பிபி ஏறி வலிப்பு வர்றதையே கொறைக்கற மாத்திரை. ஹெச்பி, அதாவது ரத்தத்துல ஹீமோகுளோபின், 11க்கு கீழ போனா ரத்தசோகை, 7க்கு கீழ போனா ஆஸ்பத்திரில சேந்துதான் பாக்கணும். மாத்திரை ஒத்துக்கவே இல்லன்னா நரம்புல ஏத்தற இரும்பு ஊசி கவர்மென்ட்லயே போடறாங்க, கேளுங்க.

பூச்சி மாத்திரை ஒண்ணு குடுப்பாங்க நாலாம் மாசத்துக்கு மேல, அதையும் தூக்கி போடாதீங்க.

சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) சாப்ட்டா ரத்தம் ஊறும்னு வாரம் மூணு நாள் வாங்கி தராரு அப்பா. மீன்ல எத சாப்பிடலாம்?
(பழைய வண்ணாரப்பேட்டை)

சுவரொட்டில இரும்பு நெறைய இருக்கு, வாரம் ஒரு தடவை போதும், நல்லா வேகணும், தணல்ல அரைகுறையா சுட்டது வேணாம். ஈரல்ல வைட்டமின் ஏ ரொம்ப அதிகம், மாசமா இருக்கறப்ப அத தவிர்த்துடுங்க. மீன்ல நெத்திலி, மத்தி, சங்கரா தாராளமா. சுறா, பெரிய சைஸ் வஞ்சிரம் மாதிரி மீனத் தின்ற மீன்ல பாதரசம் சேந்திருக்கும், ஒதுக்கிடுங்க. புள்ள பொறந்தப்புறம் பால் ஊறும்னு சுறாப்புட்டு செய்யறது நம்ம வழக்கம், அதுக்கும் இதேதான், நெத்திலி கொழம்பு வெச்சு குடுங்க. கருவாட்டுல உப்பு ஜாஸ்தி.

ஆறாம் மாசம், சுகர் வந்துடுச்சுன்னாங்க. கவர்மென்ட் கிட்ல நெய், பேரீச்சம்பழம், ஹெல்த் மிக்ஸ், பிஸ்கட் எல்லாம் வந்திருக்கு, பால்வாடி மாவுலயும் வெல்லம். இத நான் என்ன பண்ண?
(திருவொற்றியூர்)

75 கிராம் குளுக்கோஸ் கரைச்சு குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்து 140 தாண்டியிருக்கும், அந்த டெஸ்ட்தான? சாப்டிருந்தாலும் சாப்பிடலைன்னாலும் எடுக்கலாம்ங்கற அந்த சுலபமான முறைய நாடு முழுக்க கொண்டுவர பாடுபட்டவர் நம்ம சென்னை டாக்டர் சேஷையா, அவர் பொறந்த நாள் மார்ச் 10ததான் கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளா வெச்சிருக்காங்க.

அந்த கிட் வர்றது கவர்மென்ட்டோட முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல. மொத்தம் 18,000 ரூபாய், அதுல 14,000 பணம், மீதி ரெண்டு கிட்டு. கிட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வரும், உங்க ரத்தம் எல்லார மாதிரியும் இல்ல. வெல்லம் போட்ட மாவு, ஹெல்த் மிக்ஸ், பிஸ்கட், பேரீச்சம்பழம் நாலையும் டாக்டர்கிட்ட கேக்காம தொடாதீங்க. இது ஒண்ணத்த வீட்டுல மத்தவங்க சாப்ட்டா நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனா பயந்துபோய் பட்டினி கெடக்கக்கூடாது, அதுதான் உங்கள மாதிரி ஆளுங்க பண்ற தப்பு, சோத்த பாதியாக்கிட்டு டீ குடிச்சே பொழுத ஓட்டறது. சோறு கொறைச்சு அந்த எடத்துல சுண்டல், முட்டை, மீன், கீரை, மோர் வெச்சுக்கோங்க. கேழ்வரகுன்னா கூழா கரைச்சு குடிக்காம அடையா, கீரையோட சாப்பிடுங்க. நெய் ஒரு ஸ்பூன் பரவாயில்ல. சொன்ன நாள்ல சுகர் பாருங்க, ஊசி போடணும்னா போட்டுக்கோங்க, இன்சுலின் புள்ளைக்கு ஒண்ணும் பண்ணாது.

எங்க காம்பவுண்ட்ல பீகார்ல இருந்து வந்த ஒரு பொண்ணு அஞ்சு மாசம். ரேஷன் கார்டு இங்க இல்ல. பால்வாடில மாவு தருவாங்களா?
(எண்ணூர்)

தரணும். பால்வாடி திட்டம் ஏழைங்களுக்கு மட்டும், கார்டு இருக்கறவங்களுக்கு மட்டும்னு இல்ல, எல்லா கர்ப்பிணிக்கும். ஆதார் எடுத்துட்டு நீங்களே கூட போங்க, பாஷை தெரியாம அந்த பொண்ணு வாசல்லயே நின்னுட்டு திரும்பிடும். மொதல்ல பக்கத்து நகர்ப்புற சுகாதார நிலையத்துல நர்ஸம்மாகிட்ட சொல்லி பிக்மி நம்பர் போட்டுடுங்க, கர்ப்பத்த பதிவு பண்ற 12 இலக்க நம்பர், அது இல்லைன்னா பின்னாடி புள்ளையோட பர்த் சர்டிபிகேட்டுக்கு அலையணும். மாத்திரை, ஸ்கேன், தடுப்பூசி எல்லாம் அந்த பதிவ வெச்சுதான் வரும். 18,000 ரூபாய் திட்டத்துக்கு மட்டும் தனி கண்டிஷன் இருக்கு, அது கெடைக்கலைன்னு மாவையும் விட்டுடாதீங்க.

எனக்கு இப்பதான் கல்யாணம் ஆச்சு. உண்டானதுக்கு அப்புறம் சாப்ட்டா போதுமா, இப்பவே ஆரம்பிக்கணுமா?
(பெரம்பூர்)

இப்பவே. மும்பை குடிசைப்பகுதில 2006ல இருந்து 2012 வரைக்கும் ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு. கல்யாணமாகி இன்னும் உண்டாகாத பொண்ணுங்களுக்கு கீரை, பழம், பால் சேத்து செஞ்ச சமோசா மாதிரி பலகாரத்த தெனம் குடுத்தாங்க, இன்னொரு பாதி பேருக்கு உருளைக்கிழங்கு வெங்காயம் வெச்ச பலகாரம். எல்லாரையும் சேத்து பாத்தா புள்ள வெயிட்ல பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா உண்டாகறதுக்கு மூணு மாசத்துக்கு முன்னாடியே சாப்பிட ஆரம்பிச்சவங்களுக்கு 48 கிராம் கூடிச்சு, அதோட மாசமா இருக்கறப்ப சுகர் வர்றது 100க்கு 12ல இருந்து 7 ஆச்சு. ரொம்ப ஒல்லியா இருந்தவங்களுக்கு இதுல அவ்ளோ பலன் தெரியல, அந்த பலகாரத்துல கலோரி கம்மி, ஒட்டிப்போன உடம்புக்கு அது பத்தலைன்னு நான் நெனைக்கறேன்.

அதனால மொதல்ல உங்க வெயிட்ட பாருங்க. 150 சென்டிமீட்டர் உயரம்னா 42 கிலோவாவது இருக்கணும், அதுக்கு கீழன்னா கீரையோட சோறும் பருப்பும் கடலையும் சேத்து மொதல்ல வெயிட்ட ஏத்துங்க. போலிக் ஆசிட் மாத்திரைய உண்டாகணும்னு நெனைக்கும்போதே ஆரம்பிக்கணும், ஏன்னா புள்ளையோட மூளை, தண்டுவடம் ஆகற குழாய் உண்டான மொத நாலு வாரத்துலயே மூடிடும், நாள் தள்ளிப்போச்சேன்னு நீங்க டாக்டர்கிட்ட போறதுக்குள்ள பெரும்பாலும் அந்த வேலை முடிஞ்சிருக்கும்.

எல்லாம் ஒழுங்கா சாப்ட்டேன். மாவு, மாத்திரை ஒண்ணு விடல. ஆனா என் புள்ள 2 கிலோ 100 கிராம்தான் பொறந்திருக்கு. நீ சரியா தின்னல அதான்னு எல்லாரும் என்னையே சொல்றாங்க. அழுகையா வருது.
(கொருக்குப்பேட்டை)

சொல்றவங்ககிட்ட இந்த பக்கத்த படிச்சு காட்டும்மா. 2500 கிராமுக்கு கீழன்னா எடை கொறைவுன்னு வெச்சிருக்காங்க, ஆனா அதுக்கு சாப்பாடு ஒண்ணுதான் காரணம்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. 37 வாரத்துக்கு முன்னாடி பொறந்தா வெயிட் கம்மியாத்தான் இருக்கும். பிபி, யூரின் இன்பெக்ஷன், ரெண்டு புள்ளைக்கு நடுவுல இடைவெளி கம்மி, நின்னுட்டே பண்ற வேலை, நம்ம காத்துல இருக்கற பொகை, நீங்க சின்ன வயசுல வளந்த விதம் வரைக்கும் இதுல இருக்கு. மாவு இதுல ஒரு பங்கதான் பாத்துக்கும். நீங்க சாப்டலைன்னா அது 1900ல கூட பொறந்திருக்கலாம், யார் கண்டா.

இப்ப பண்ண வேண்டியத சொல்றேன். புள்ளைய உங்க நெஞ்சோட தோல் மேல தோல் படற மாதிரி கட்டிக்கோங்க, தலைக்கு குல்லா, மேல துணி, எவ்ளோ நேரம் முடியுமோ அவ்ளோ நேரம், நீங்க குளிக்கப் போனா அவரோ உங்க அம்மாவோ வெச்சுக்கலாம். வெறும் தாய்ப்பால் மட்டும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தூங்கினாலும் எழுப்பி குடுங்க. சக்கரைத்தண்ணி, கழுதைப்பால், வசம்பு ஒண்ணும் வேணாம். தெனம் எண்ணெய் தேச்சு குளிப்பாட்டறத வெயிட் ஏறற வரைக்கும் தள்ளிப்போடுங்க. உங்களுக்கு பால்வாடில மாவு இப்பவும் உண்டு, ஆறு மாசம் வரைக்கும், வாங்கி நீங்க சாப்பிடுங்க. புள்ள பால் குடிக்காம சோந்து கெடந்தாலோ, கை காலு ஜில்லுனு இருந்தாலோ, மூச்சு வேகமா வாங்கினாலோ, மஞ்சள் கால் வரைக்கும் எறங்கினாலோ காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அந்த நேரத்துக்கே ஆட்டோவ புடிச்சு கெளம்புங்க, இல்ல 108க்கு போன் போடுங்க.